எரேமியாவின் சுருளை அரசன் எரித்த பிறகு நடந்தது

பைபிளை ஆய்வு முறையில் படிப்பது பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கூட்டம் வந்துவிடுகிறது. ஒன்று "வேதத்தில் கை வைக்காதே" என்கிறது, இன்னொன்று "பார்த்தாயா, எல்லாம் பின்னால் சேர்த்தது, கட்டுக்கதை" என்று குதிக்கிறது. பழைய ஏற்பாட்டில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வரும் 36-ஆம் அதிகாரத்தை இரு தரப்பும் நிதானமாக வாசித்தால் நன்றாக இருக்கும்.

எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக்கு ஒரு சுருளில் எழுதுகிறார். அது யூதாவின் அரசன் யோயாக்கீமிடம் போகிறது. குளிர்காலம், அரசன் முன்னால் கணப்பு எரிகிறது. அரண்மனை ஆள் யெகுதி மூன்று நான்கு பத்தி வாசித்ததும் அரசன் அந்தப் பகுதியைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போடுகிறான், இப்படியே வாசிக்க வாசிக்க அறுத்து முழுச் சுருளும் காலி. (எரிக்க வேண்டாம் என்று கெஞ்சியவர்களில் ஒருவர் சாப்பானின் மகன் கெமரியா. அந்தப் பெயர் பொறித்த களிமண் முத்திரை 1982-இல் எருசலேமில், தாவீதின் நகர அகழாய்வில் கிடைத்தது.) அப்புறம் எரேமியா மறுபடி சொல்ல, பாருக்கு வேறொரு சுருள் எழுதுகிறார். அதிகாரத்தின் கடைசி வசனம் கூச்சமே இல்லாமல் சொல்கிறது: அவற்றைப் போன்ற இன்னும் பல சொற்களும் சேர்க்கப்பட்டன. யார் சேர்த்தார் என்று அந்த வாக்கியம் சொல்லவே இல்லை.

சரி, புத்தகம் உண்மையிலேயே வளர்ந்ததா? கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் உள்ள எரேமியா, நம் தமிழ் பைபிள்கள் பின்பற்றும் எபிரேயப் பாடத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது. மொழிபெயர்த்தவர் சுருக்கிவிட்டார் என்று சொல்லித் தப்பிக்கலாம், பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் சாக்கடல் ஓரத்துக் கும்ரானில், 1952-இல் கண்டறியப்பட்ட 4-ஆம் குகையில், எரேமியா புத்தகத்தின் ஒரு எபிரேயத் துண்டு கிடைத்தது. அதில் இருப்பது 10-ஆம் அதிகாரம்: மரத்தை வெட்டி, வெள்ளியும் பொன்னும் பூசி, ஆடாமலிருக்க ஆணி அடிக்கிறார்களே என்று சிலைகளைக் கேலி செய்யும் இடம். அந்தக் கேலிக்கு நடுவே கடவுளைப் புகழும் 6 முதல் 8 வரையிலான வசனங்களும் 10-ஆம் வசனமும் கிரேக்கத்தில் இல்லை, இந்தத் துண்டிலும் அவற்றுக்கு இடமில்லை. ஆக, குறுகிய வடிவம் எபிரேயத்திலேயே இருந்திருக்கிறது. நீண்ட வடிவத்தின் படியும் அதே குகையில் இருந்தது. இரண்டையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு பிரச்சினையாகவே பட்டதாகத் தெரியவில்லை.

அதனால்தான் "மூலப்பிரதி எது" என்ற கேள்வி எனக்கு அலுப்பாக இருக்கிறது. சேர்த்தவர் ஏன் சேர்த்தார் என்று கேட்டால் விஷயம் சூடு பிடிக்கும். 33-ஆம் அதிகாரத்தின் 14 முதல் 26 வரையிலான வசனங்கள் கிரேக்கத்தில் மொத்தமாகவே இல்லை. அது பிற்காலச் சேர்க்கை என்று எமானுவேல் தோவ் போன்ற ஆய்வாளர்கள் சொல்வது எனக்கும் சரியென்றே படுகிறது. தாவீதின் வம்சத்தில் ஒருவர் வருவார் என்ற 23-ஆம் அதிகார வாக்குறுதியைத்தான் அது எடுத்து விரிக்கிறது, ஆனால் ஒரு மாற்றத்தோடு. 23-இல் "கர்த்தர் நம் நீதி" என்பது வரப்போகும் அரசனின் பெயர். 33-இன் எபிரேயத்தில் அதே பெயர் எருசலேம் நகரத்துக்குப் போய்விடுகிறது! சிம்மாசனத்தில் யாரும் இல்லாத காலத்தில் வாழ்ந்த எழுத்தர் ஒருவர், இடிந்து மறுபடி எழுந்த ஊரைப் பார்த்துக்கொண்டே இதை எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். இதைப் போய் மோசடி என்று எப்படிச் சொல்வது? புத்தகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, எந்தப் பிரசங்கத்திலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.