அந்தப் பட்டனை யார் அழுத்துவது?

சின்ன வகுப்புகளுக்கு எல்சிடி சிலேட்டு (குச்சியால் எழுதி, ஒரு பட்டனை அமுக்கினால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும் பலகை) வாங்கலாமா என்று கேட்ட ஆசிரிய நண்பர்களிடமெல்லாம் "தாராளமா வாங்குங்க" என்றுதான் இதுவரை சொல்லிவந்தேன். இப்போதும் அதே பதில்தான். ஆனால் கூடவே ஒரு நிபந்தனையும் சேர்ந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை 'டேப்லெட்' என்றும் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதுமே பெற்றோரில் பாதிப் பேருக்கு முகம் மாறிவிடுகிறது. வீட்டில்தான் போனைப் பிடுங்க முடியவில்லை, பள்ளியிலுமா என்று. இது அந்த ரகம் இல்லை. இணையம் கிடையாது, வீடியோ கிடையாது, திரையிலிருந்து வெளிச்சம்கூட வராது. அறை விளக்கை அணைத்தால் எழுதியது கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஒரு திரவப் படிகப் படலம். குச்சியால் அழுத்திய இடம் மட்டும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் கறுப்பில் கோடாகத் தெரிகிறது. அந்தக் கோடு நிற்க மின்சாரமே வேண்டாம். அழிக்கும்போது மட்டும் ஒரு சின்ன மின்துடிப்பு. அதனால்தான் காசு மாதிரி வட்டமான ஒரு பட்டன் பேட்டரியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஓடுகிறது. அமெரிக்காவில் ஒஹாயோவைச் சேர்ந்த கென்ட் டிஸ்பிளேஸ் நிறுவனம் 2010ல் 'பூகி போர்டு' என்ற பெயரில் கொண்டுவந்த சரக்கு இது. அப்புறம் மலிவான நகல்கள் மலைபோல் வந்துவிட்டன.

வகுப்பில் இதனால் என்ன லாபம்? கேள்வி கேட்டால் வழக்கமாகக் கை தூக்குவது அதே நாலு பேர். மற்றவர்களுக்குப் புரிந்ததா இல்லையா என்பது பரீட்சைத் தாளில்தான் தெரியும். இதில் "எழுது, தூக்கு" என்றால் ஒரே நேரத்தில் எல்லாப் பதில்களும் என் கண்ணெதிரே. சொல்வதை எழுதுதலில் 'அண்ணன்' என்று கொடுத்துப் பாருங்கள். ஒருவன் 'அன்னன்', ஒருத்தி 'அண்ணண்', இன்னொருவன் சுழியை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் நாலாவது சுழியும் போட்டிருப்பான். அழுத்தினால் கோடு தடிக்கும் என்பதால், யார் குச்சியை உயிர்போகப் பிடித்து எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். பென்சில் முனை அடிக்கடி உடையும் பிள்ளைகள் அவர்கள்தான்.

இன்னொன்று, பயம் போகிறது. நோட்டில் தப்பாக எழுதினால் அது அங்கேயே கிடக்கும், வீட்டில் பார்ப்பார்கள். இதில் ஒரு அமுக்கு, போயே போச்சு. எழுதவே தயங்கிய பிள்ளைகள்கூட இதில் கிறுக்கத் தொடங்குகிறார்கள்.

என் சண்டையே அந்த ஒரு அமுக்கோடுதான்.

அன்று கடன் வாங்கிக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். 52லிருந்து 27. தூக்கச் சொன்னேன். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் பக்கத்துப் பெண்ணின் 25ஐ ஓரக்கண்ணால் பார்த்தான், பட்டனை அமுக்கினான், 25 என்று எழுதித் தூக்கினான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அவன் முதலில் எழுதியிருந்தது 35. தற்செயலாக அவன் பக்கம் திரும்பியிருந்ததால் எனக்குத் தெரிந்தது, இல்லையென்றால் 'சரி' என்று அடுத்த கணக்குக்குப் போயிருப்பேன்.

35க்கும் 24க்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 24 என்றால் எண்ணும்போது ஒன்று தவறியிருக்கும், விட்டுவிடலாம். 35 என்றால், 2லிருந்து 7 போகாது என்றதும் பிள்ளை திருப்பிப்போட்டு 7லிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். நான் தேடியது அந்த 35ஐத்தான். அதைத்தான் பட்டன் விழுங்கிவிட்டது.

பழைய சிலேட்டில் எச்சிலோ துணியோ, ஒரு எண்ணை மட்டும் துடைக்கலாம். துடைத்த இடத்தில் மங்கலாகப் பழையதும் தெரியும். மலிவான எல்சிடி சிலேட்டில் அந்த வழி இல்லை. ஒரு புள்ளியை அழிக்க வேண்டுமென்றாலும் மொத்தமும் போய்விடும். நாலு வரி போட்ட பிள்ளை, மூன்றாம் வரியில் சறுக்கியதற்காக நாலையும் தொலைக்கிறது.

ஆகவே என் வகுப்பில் இப்போது ஒரு சட்டம்: தப்பு என்று தோன்றினால் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் புதிய விடை. நான் "அழி" என்று சொல்லாமல் பட்டனில் விரல் போகக்கூடாது. பல சிலேட்டுகளில் அழிப்பதைத் தடுக்கும் பூட்டு ஒன்று இருக்கும், வாங்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள். முதல் வாரம் பாடு பெரும்பாடு. பட்டனை அமுக்குவதில் இருக்கும் சுகம் அப்படி, பெரியவர்களுக்கே கை பரபரக்கும்.

மற்றபடி சின்னச் சின்னக் குறைகள். பரப்பு வழுக்குவதால் கையெழுத்துப் பயிற்சிக்கு ஆகாது. அதற்குக் கோடு போட்ட நோட்டுதான். வானவில் நிறத்தில் வருவதைப் பிள்ளைகள் கேட்பார்கள், கடைசி வரிசையிலிருந்து தூக்கினால் நமக்குத் தெரியாது, ஒற்றை நிறமே நல்லது. குச்சிகள் காணாமல் போகும், கயிறு கட்டிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பட்டன் பேட்டரி ஒரு பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துப் புண்ணாக்கிவிடும். திருகாணி இல்லாததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

போன வாரம் ஒரு சிலேட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது. தீர்ந்தாலும் எழுதலாம், அழிக்கத்தான் முடியாது. அதில் 7 × 8 = 54 என்று இருந்தது. அந்தப் பெண் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிறகு 54ன் மேல் ஒரு கோடு கிழித்து, மிச்சமிருந்த மூலையில் குட்டியாக 56 என்று எழுதித் தூக்கிக் காட்டினாள். புது பேட்டரி வந்துவிட்டது. இன்னும் மாட்டவில்லை.