ஈரக் கைக்கு ஒரு போன் இல்லையா?

என் மாமா மட்டக்களப்பு வாவியில் இரவில் வலை போடுகிறவர். அவருக்குப் போன் வாங்க நேற்று டவுனில் நாலு கடை ஏறி இறங்கினேன். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை: டோச் லைட், விரலுக்குத் தட்டுப்படும் பட்டன், கழற்றி மாட்டும் பற்றரி. எடுத்து வைத்ததெல்லாம் கண்ணாடிப் பலகைகள். “இப்ப இதுதான் அண்ண ஓடுது” என்றான் கடைத் தம்பி.

யாருக்கு ஓடுது? டச் திரை விரலின் மின் தன்மையை வைத்துத்தான் தொடுகையை அறியும். உப்புத் தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் நாலு துளி பட்டாலே திரை குழம்பிவிடும். போன மாதம் தோணியில் இருந்து மாமா எவ்வளவு தேய்த்தும் வீட்டுக்கு அழைப்புப் போகவில்லை. மாமி விடியும்வரை வாசலிலேயே இருந்தா.

போன் கம்பனிக்காரர் செய்யத் தெரியாதவர்களா? 2003இல் வந்த நோக்கியா 1100 டோச்சோடும் தூசு புகாத பட்டன்களோடும் எங்களைப் போன்ற நாடுகளை நினைத்தே செய்யப்பட்டது. 25 கோடிக்கு மேல் விற்றது. ஜப்பான்காரருக்கு மடக்குப் போன் பிடித்தது, வருடக்கணக்காகச் செய்து கொடுத்தார்கள். 2022இல் ஐபோன் 14க்கு அமெரிக்காவில் சிம் தட்டே இல்லை, சீனாவிலோ ஒரே தட்டில் இரண்டு சிம். அவ்வளவு நுணுக்கமாக ஆள் பார்த்துச் செய்கிறவர்களுக்கு எங்கள் ஈரக் கை மட்டும் கண்ணில் படவில்லை.

மாமா பழைய போனையே திரும்ப எடுத்திருக்கிறார். 5ஆம் பட்டன் தேய்ந்துவிட்டது, மூடி ரப்பர் பேண்டில் நிற்கிறது.