கோட்டானுக்கு எதுக்கு கூகுள் மேப்?

நேற்று இரவு பறவை பார்ப்பவர்களின் அந்த முகநூல் குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். என்ன ஆச்சு என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அந்தக் குவாரி ஆந்தைப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் இந்த வாரம் நீங்கள் முகநூல் பக்கமே வரவில்லை, நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள். படம் நல்ல படம். காலை வெயில் பட்ட பாறை விளிம்பு, கொம்பு இறகை நிமிர்த்திக்கொண்டு நேராக லென்ஸைப் பார்க்கிற கொம்பன் ஆந்தை (ஊரில் கோட்டான் என்போமே, அதுதான்), அதன் வயிற்றுக்கடியில் வெளுத்த தூவியோடு மூன்று குஞ்சுகள். ஒரு குஞ்சின் பக்கத்தில் பாதி தின்ற எலியின் வால்கூடத் தெரிகிறது. இதிலெல்லாம் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. கீழே எதற்கு, கூடு இருக்கிற இடத்தை அப்படியே காட்டும் அந்த மேப் பின்?

நான் எழுதியது ஒரே ஒரு வரி. "தம்பி, குஞ்சு இருக்கிற கூடு, லொகேஷனை மட்டும் எடுத்துவிடுங்களேன்." திட்டவில்லை, கிண்டல் செய்யவில்லை. அதற்குக் கீழே என்னென்ன வந்து விழுந்தது என்று நீங்களே படித்திருப்பீர்கள். "பறவைகளுக்கெல்லாம் ஓனர் வந்துட்டார், வழி விடுங்க" என்பதுதான் அவற்றில் கொஞ்சம் நாகரிகமானது.

சரி. நிதானமாகவே பேசுகிறேன்.

கொம்பன் ஆந்தை கூடு என்று எதையும் கட்டுவதில்லை. பாறை இடுக்கிலோ மண் மேட்டின் பொந்திலோ வெறும் தரையில் முட்டை வைக்கும். பொரிக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அப்புறம் குஞ்சுகள் ஏறக்குறைய ஆறு மாதம் தாய் தகப்பனை நம்பித்தான் இருக்கும். பறக்க இறகு முளைப்பதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிடும். பயந்தால் அந்த விளிம்பிலிருந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடும், விழும். இன்னொன்று, இடம் ஒத்துவந்துவிட்டால் அடுத்த வருஷமும் அதே இடத்துக்குத்தான் வரும். அதாவது இன்று போட்ட மேப் பின் இந்த மூன்று குஞ்சுகளோடு முடியாது. அடுத்த ஈட்டுக்கும் அது செல்லுபடியாகும், அதற்கடுத்த ஈட்டுக்கும்.

இது தெரிந்த பிறகும் இடத்தைப் போடுவேன் என்றால் என்ன சொல்வது?

சனி, ஞாயிறு அங்கே நடந்ததை நான் கற்பனை செய்து எழுதவில்லை. போனவர்களே வீடியோ போட்டிருக்கிறார்கள். குவாரி மேட்டில் வரிசையாகக் கார்கள். பட்டப்பகலில் தாய்ப் பறவை எழும்பிப் பறக்கிறது. பறந்த உடனே காகங்கள் சூழ்ந்துகொள்கின்றன, ஒரு கரிச்சான் அதன் முதுகில் வந்து கொத்திவிட்டுப் போகிறது. ஆந்தையைப் பகலில் கிளப்பினால் இதுதான் நடக்கும், பறவை பார்க்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்தக் காட்சியை ஒருவர் ஸ்லோமோஷனில், சினிமாப் பின்னணி இசையோடு போட்டிருக்கிறார். "செம ஆக்‌ஷன் அண்ணா" என்று கீழே நெருப்பு எமோஜி. இரவில் இன்னொரு கூட்டம் டார்ச்சும் ப்ளூடூத் ஸ்பீக்கருமாகப் போயிருக்கிறது. ஆண் ஆந்தையின் குரலைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் அது வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டதென்று நினைத்து இரை தேடுவதை விட்டுவிட்டு வரும். வந்திருக்கிறது. எடுத்திருக்கிறார்கள். மூன்று குஞ்சுக்கு எலி பிடிக்க வேண்டிய நேரம் அது.

திங்கட்கிழமை படங்களில் இரண்டு குஞ்சுதான் இருக்கிறது. மூன்றாவது நகர்ந்து இடுக்குக்குள் போயிருக்கலாம். செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கே அந்த மூன்றாவது என்று ஒருவர், ஒரே ஒருவர், அங்கே கேட்டாரா?

ஃபிளாஷ் பட்டால் ஆந்தைக்குக் கண் போய்விடும் என்று சிலர் எனக்கு ஆதரவாக எழுதியிருந்தார்கள். அது நிரூபிக்கப்பட்ட விஷயம் இல்லை, நான் அப்படிச் சொல்லவும் இல்லை. எனக்காக இல்லாததைச் சொல்ல வேண்டாம், இருப்பதே போதும்.

அந்தக் குவாரிப் பக்கம் ஆடு மேய்க்கிற ஒரு அண்ணன் இருக்கிறார். அங்கே கோட்டான் இருப்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான், சில வருஷங்களுக்கு முன்னால். அவர் என்னை நேராக அங்கே கூட்டிப்போகவில்லை. பாறையில் வெள்ளையாக வழிந்திருந்த எச்சத்தைத் தூரத்திலிருந்து காட்டினார். கீழே அது கக்கிப் போட்டிருந்த உருண்டை ஒன்றைக் குச்சியால் பிரித்துக் காட்டினார். உள்ளே சாம்பல் நிற முடி, ஊசி மாதிரி எலும்புகள், மஞ்சள் பல்லோடு ஒரு எலியின் தாடை. "ஒரு ராத்திரிக்கு எத்தனை எலி திங்குதுன்னு பாருங்க தம்பி, நம்ம காட்டுக் கடலைய இதுதானுங்க காப்பாத்துது" என்றார். கிட்டப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க. ஆடு குட்டி போட்ட எடத்துல ஆளுங்க கூடுனா தாயி மடியே குடுக்காதுங்க. அது மட்டும் என்ன? பாத்தாச்சில்லீங்க, வாங்க போலாம்" என்று திரும்பி நடந்துவிட்டார். அவ்வளவுதான் என் ஆந்தைத் தரிசனம். மேலே ஒரு கொம்பு நுனி தெரிந்தது.

அந்த அண்ணனிடம் ஸ்மார்ட்போன் இருக்கிறது. முகநூலும் இருக்கிறது. மேப் பின் போடத் தோன்றவில்லை.

புதுச்சேரிப் பக்கம் இந்த ஆந்தையைப் பல வருஷம் ஆய்வு செய்த எரிக் ராமானுஜமும் அதன் உணவில் எலி வகைகளே அதிகம் என்று எழுதியிருக்கிறார். ஆடு மேய்க்கிறவருக்கும் ஆய்வாளருக்கும் தெரிந்தது ஒன்றுதான். நடுவில் இருக்கிற நமக்குத்தான் வாழ்நாளில் முதல்முறை பார்த்த பறவை எத்தனை என்கிற லைஃபர் கணக்கு.

இனி எனக்கு வந்த கேள்விகள்.

"படம் போட்டால்தானே விழிப்புணர்வு வரும்?" போடுங்களேன்! யார் வேண்டாம் என்றது? ஆந்தை அலறினால் சாவு விழும் என்று இன்னும் கல்லெறிகிற ஊர்தான் நம்முடையது. படம் போடுங்கள், எலி கணக்கைச் சொல்லுங்கள், கோட்டான் நல்லது என்று பள்ளிக்கூடத்தில் போய்ப் பேசுங்கள். விழிப்புணர்வுக்கு எதற்கு அட்சரேகை தீர்க்கரேகை?

"தரவு வேண்டாமா, அறிவியல் வேண்டாமா?" வேண்டும். பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற இ-பேர்ட் தளத்தில் ஏற்றுங்கள். ஆபத்துள்ள சில இனங்களின் இடத்தை அந்தத் தளமே மறைத்துவிடுகிறது. மற்றவற்றுக்கு, குஞ்சு பறந்த பிறகு பட்டியலை ஏற்றினால் யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-இலிருந்து நடக்கிறது, எத்தனை பேர் சத்தமில்லாமல் வந்து எண்ணிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் பதிவுக்கெல்லாம் நெருப்பு எமோஜி வருவதில்லை.

"பக்கத்துக் குவாரியில் தினமும் வெடி வைக்கிறான், அவனைக் கேளுங்கள்." இது நியாயமான கேள்விதான். பதில் என்னிடம் முழுசாக இல்லை. ஆனால் வெடி வைக்கிறவர் தன் முகநூல் பக்கத்தில் 'பறவை நேசன்' என்று போட்டுக்கொள்வதில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

"இடம் தெரிந்து பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பறவை ஆர்வலர்கள்தானே?" அப்படியா? இந்தியாவில் ஆந்தைகளைப் பிடித்து விற்பதைப் பற்றி, வன உயிரின வியாபாரத்தைக் கண்காணிக்கிற டிராஃபிக் இந்தியா அமைப்பு 2010-இல் வெளியிட்ட அறிக்கையைத் தேடிப் படியுங்கள். மாந்திரீகத்துக்கும் பூஜைக்கும் எத்தனை வகை ஆந்தைகள் விலைபோகின்றன, தீபாவளி நெருங்கும்போது என்ன நடக்கிறது, எல்லாம் இருக்கிறது. பொதுவில் போட்ட பதிவை யார் யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? லைக் போடாமல் பார்த்துவிட்டுப் போகிறவரைத்தான் நான் நினைக்கிறேன்.

சட்டம் பேசாதே என்கிறார்கள். ஒரு வரி மட்டும் பேசிவிடுகிறேன். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தைப் பாருங்கள். பறவைகளின் முட்டையை, கூட்டைத் தொந்தரவு செய்வதும் அதற்குள்தான் வருகிறது. துப்பாக்கி இல்லையே, கேமராதானே வைத்திருக்கிறோம் என்று சிரிப்பவர்களுக்காக.

பேர் வாங்குவதற்காக ஆந்தை இருக்கும் இடத்தை வைத்து விளையாடுவது ஒன்றும் புதிதில்லை. ஃபாரஸ்ட் அவுலெட் என்று மத்திய இந்தியக் காட்டில் ஒரு சின்ன ஆந்தை. 1884-க்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் உண்மையாக யாருக்கும் அது தட்டுப்படவில்லை. இடையில் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி மட்டும், 1914-இல் குஜராத்தில் தனக்கு ஒன்று கிடைத்ததாகக் காட்டிப் பேர் வாங்கியிருந்தார். பின்னால் பமீலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் நோண்டிப் பார்த்தால், அது யாரோ எப்போதோ சேகரித்து லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்திருந்த பாடம் செய்த பறவை. மைனர்ட்ஸ்ஹாகன் அதைத் திருடி, மறுபடி பஞ்சடைத்து, புதுச் சீட்டு கட்டியிருக்கிறார்! அந்தப் பொய் இடத்தைத் தள்ளிவிட்டுப் பழைய நிஜமான பதிவுகள் இருந்த பக்கம் போய்த் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிரத்தில் ஷஹாதா அருகே, பகல் வெளிச்சத்தில் மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. மைனர்ட்ஸ்ஹாகன் இடத்தைப் பொய்யாகச் சொன்னார், நீங்கள் நிஜமாகச் சொல்கிறீர்கள். அவர் கையிலிருந்தது ஏற்கெனவே செத்த பறவை என்பதால் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை.

கடைசியாக, "கேட்கீப்பர்." "நீங்க மட்டும் பாக்கணும், புதுசா வர்றவன் பாக்கக் கூடாதா?" இதை எழுதியவர்களில் பாதிப் பேர் என்னோடு ஞாயிற்றுக்கிழமை குளக்கரையில் நின்றவர்கள். ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறோம். யார் கேட்டும் நான் இல்லை என்றது கிடையாது. புள்ளி ஆந்தை வேண்டுமா, எங்கள் தெருக்கோடி வேப்பமரத்திலேயே இருக்கிறது, வாருங்கள், டீயும் தருகிறேன். கூட்டில் குஞ்சோடு இருக்கிற பறவையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றால் நான் கதவைச் சாத்துகிறவன் ஆகிவிட்டேன். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகளிடம் போய் 'நீங்களெல்லாம் கேட்கீப்பர்' என்று சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் வலித்தது வேறு. படம் போட்ட பையன் எனக்குத் தெரிந்தவன். பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தேட வேண்டாம், அவனைப் போய் யாரும் திட்டவும் வேண்டாம். கல்லூரி முதல் வருஷத்தில் குளக்கரைக்கு வந்தவன். நாமக்கோழிக்கும் தாழைக்கோழிக்கும் வித்தியாசம் கேட்டு ராத்திரி பதினொன்றுக்கு போன் செய்வான். எச்சத்தை வைத்து ஆந்தை தங்குமிடத்தைக் கண்டுபிடிக்க அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் எழுத வேண்டியதில்லை. அவன் லென்ஸ் வாங்கியபோது கடைக்குக் கூட நான் போயிருந்தேன். அத்தனை நீள லென்ஸ் எதற்கு, கிட்டப் போகாமல் எடுக்கத்தானே என்று கடையில் வைத்தே பேசிக்கொண்டோம். அப்படிப்பட்டவன் எழுதுகிறான்: "உங்களுக்கு ஷாட் கிடைக்கலைன்னா அது எத்திக்ஸ், எங்களுக்குக் கிடைச்சா தப்பா சார்?"

எனக்கு அந்த ஆந்தை இருப்பது சில வருஷமாகத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. எனக்கு ஷாட் கிடைக்கவில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. நான் எடுக்கவே போகவில்லையே.

குழுவை நடத்துகிற பெரியவர்களுக்கும் ஒன்று. என் கமெண்டை அழித்தீர்கள், சரி. என்னை நீக்கினீர்கள், அதுவும் சரி, உங்கள் குழு. குழு விதிகளில் 'கூடுகளின் இடத்தைப் பகிரக் கூடாது' என்று மேலே நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்களே, அதையும் கையோடு அழித்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பது பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், என்னை இன்னும் பிளாக் செய்யவில்லை. மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாம். படம் இருக்கட்டும், நல்ல படம்தான், லைக்கும் உன்னிடமே இருக்கட்டும். அந்தப் பின்னை மட்டும் எடுத்துவிடு. இந்த சனிக்கிழமை வருவதற்குள் எடுத்துவிடு.