கமென்ட்டை ஏன் மங்கலாக்குகிறோம்?

போன மாதம் முழுக்க என் கண்தான் கெட்டுவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோடு எழுதும் எடிட்டரில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் அதிலுள்ள எழுத்து காணாமல் போகும். வெறும் மஞ்சள் பட்டைதான் மிஞ்சும். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன். எழுத்தின் அளவை 14-லிருந்து 17-க்கு ஏற்றினேன். கண் மருத்துவரையும் பார்த்தேன். பவர் மாறவே இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

குற்றவாளி நான்தான். வெள்ளைப் பின்னணி வைத்திருந்த காலத்தில், தேர்ந்தெடுத்த வரி பளிச்சென்று தெரியட்டும் என்று செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வெளிர்மஞ்சளை எழுதி வைத்திருக்கிறேன். பிறகு டார்க் தீமுக்கு, அதாவது இருண்ட பின்னணி கொண்ட நிறத் தொகுப்புக்கு, மாறினேன். தீம் மாறியது, நான் கைப்பட எழுதிய அந்த ஒரு வரி மாறவில்லை. கறுப்பு எழுத்துக்காக வைத்த மஞ்சளின் மேல் இப்போது வெளிர்சாம்பல் எழுத்து. இரண்டுக்கும் இடையிலான கான்ட்ராஸ்ட்டை அளந்து பார்த்தேன்: 1.3.

இந்த எண், எழுத்து பின்னணியிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகிறது என்பதன் அளவு. எழுத்தும் பின்னணியும் ஒரே நிறம் என்றால் 1, கறுப்பும் வெள்ளையும் என்றால் 21. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க முடியவேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3. எடிட்டருக்கு அந்த விதி கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு நாளில் எட்டு மணி நேரம் உற்றுப் பார்க்கும் திரைக்கு, எட்டு நொடி பார்க்கும் பக்கத்தைவிடக் குறைவாக ஏன் கேட்கவேண்டும்?

இந்த எண்ணைக் கணக்கிடும் முறையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. வெளிச்சத்தில் பச்சையின் பங்கு சுமார் 71.5 சதவீதம், சிவப்புக்கு 21.3, நீலத்துக்கு வெறும் 7.2. அதனால் சுத்தமான நீல எழுத்து வெள்ளைத் தாளில் 8.59 வாங்குகிறது. அதே நீலம் கறுப்பின் மேல் 2.44-க்கு விழுந்துவிடுகிறது. கறுப்பு டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) விம் என்ற பழைய எடிட்டரைத் திறந்து, கருநீலக் கமென்ட்டை, அதாவது கோடுக்கு நடுவே மனிதர்களுக்காக எழுதிவைக்கும் குறிப்பை, மூக்கு திரையில் இடிக்கப் படித்தவர்களுக்கு இது புரியும். பின்னணி இருட்டு என்று விம்முக்கு ஒரு வரியில் சொல்லிவிட்டால் வேறு நிறத்தை எடுத்துக்கொள்ளும். அது தெரியாமல் நான் எத்தனை நாள் கழித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

சரி, இப்படி மாட்டிக்கொண்டால் எங்கே தேடுவது? நான் செய்யத் தவறியதைச் சொல்கிறேன். முதலில் எடிட்டரோடு வரும் இயல்பான தீமுக்கு மாறிப் பாருங்கள். கோளாறு போய்விட்டால் பழைய தீமில்தான் பிரச்சினை. போகவில்லையென்றால் உங்கள் செட்டிங்ஸ், இல்லையென்றால் எடிட்டரில் கூடுதலாக நிறுவிய ஏதாவது ஒரு எக்ஸ்டென்ஷன். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் மருத்துவரிடம் போயிருக்க மாட்டேன். நான் பயன்படுத்தும் விஎஸ் கோடு எடிட்டரில் கர்சர் நிற்கும் சொல்லுக்கு எந்த நிறம், தீமின் எந்த விதியிலிருந்து வந்தது என்று காட்டும் கட்டளையே இருக்கிறது. கட்டளைகளைத் தேடும் பெட்டியான கமாண்ட் பேலட்டில் 'இன்ஸ்பெக்ட் எடிட்டர் டோக்கன்ஸ்' என்று தேடினால் வரும். நிறத்தை நீங்களாக மாற்றுவதாக இருந்தால், செட்டிங்ஸ் கோப்பில் சதுர அடைப்புக்குள் தீமின் பெயரைப் போட்டு, அதன்கீழ் எழுதுங்கள். அந்த மாற்றம் அந்தத் தீமோடு நின்றுவிடும். எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது.

இன்னொரு குழப்பம், அதே எடிட்டருக்குள் இருக்கும் டெர்மினல். அதற்குக் குறைந்தபட்ச கான்ட்ராஸ்ட் என்று தனி அமைப்பு உண்டு, இயல்பிலேயே 4.5. மங்கலான எழுத்தை அது தானாகவே சரிசெய்துவிடும். கோடு எழுதும் பகுதிக்கு அந்தச் சலுகை இல்லை. கீழே தெளிவாகத் தெரிகிற நிறம் மேலே ஏன் தெரியவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவுகோல் கையில் வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. தீமில் உள்ள மற்ற நிறங்களையும் அளந்தேன். கீவேர்டு, ஸ்ட்ரிங், ஃபங்ஷன் பெயர் என்று கோடின் மற்ற பகுதிகள் எல்லாம் 6-க்கு மேல். கமென்ட் மட்டும் 2.3. அதை நான் தொட்டதே இல்லை, தீம் செய்தவர் வேண்டுமென்றே வைத்தது.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. கமென்ட் இரைச்சல், ஓரமாக ஒதுங்கி இருக்கட்டும் என்பது வாதம். கோப்பு முழுவதிலும் மனிதன் மனிதனுக்காக மட்டும் எழுதியது அந்த ஒன்றுதான். "இந்த வரியை நீக்காதே, நீக்கினால் இரவு ஓடும் வேலை நின்றுவிடும்" என்பதை ஒருவர் பாடுபட்டுக் கண்டுபிடித்து எழுதி வைத்திருப்பார். கோடை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர் அதைப் படிக்கப்போவதில்லை, நாம்தான் படிக்கவேண்டும். அதைப் போய் மங்கலாக்கிவிட்டு, கமென்ட்டை யாரும் படிப்பதில்லை என்று புலம்புகிறோம். ஒதுங்கித் தெரியவேண்டுமென்றால் சாய்வெழுத்து இருக்கிறது, வேறு சாயல் இருக்கிறது. படிக்க முடியாமல் செய்வதுதான் வழியா?

4.5 என்ற எண்ணையும் நான் வேதமாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளையின் மேல் 777777 என்ற நிறக் குறியீடுள்ள சாம்பல் 4.48 வாங்கித் தோற்கிறது, 767676 சாம்பல் 4.54 வாங்கித் தேறுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் 2.3-க்கு இந்தச் சாக்கு செல்லாது.

என் கமென்ட் நிறத்தை 6-க்கு ஏற்றிவிட்டேன். முதல் வாரத்திலேயே, கோடு மாறியும் கமென்ட் மாறாமல் கிடந்த இடங்கள் நான்கு கண்ணில் பட்டன. அதில் மூன்று நான் எழுதியவை.