‘மர்மத் தீவு’ சிறுவர் கதை மட்டும்தானா?

ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்ட மனிதர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு தீர்ப்பும் உடன் வந்துவிடுகிறது. சட்டமும் காவலும் இல்லாத இடத்தில் மனிதன் மனிதனைக் கடித்துக் குதறுவான். அதைச் சொல்வதுதான் இலக்கியம். ஒற்றுமையாகப் பிழைத்தார்கள் என்று எழுதினால் அது பிள்ளைகளுக்கான கதை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்னின் ‘மர்மத் தீவு’ நாவலையும் இப்படித்தான் ஒதுக்கிவைக்கிறார்கள். எனக்கு இது சற்றும் ஏற்புடையதல்ல.

1874-75இல் தொடராக வந்த நாவல் அது. 1865 மார்ச் மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி நாட்கள். முற்றுகையிடப்பட்ட ரிச்மண்ட் நகரில் அகப்பட்ட ஐந்து பேர் ஒரு பலூனைக் கைப்பற்றித் தப்புகிறார்கள். புயல் அவர்களைப் பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒரு தீவில் கொண்டுபோய்ப் போடுகிறது. ஒரு பொறியாளர், ஒரு பத்திரிகையாளர், ஒரு மாலுமி, பதினைந்து வயதுப் பையன், அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட நெப், கூடவே ஒரு நாய்.

பலூன் கடலில் விழாமல் இருக்கக் கையில் இருந்த அனைத்தையும் வீசிவிட்டார்கள். மிஞ்சியவை என்ன? மாலுமியின் சட்டைத் துணிக்குள் சிக்கிக் கிடந்த ஒற்றைத் தீக்குச்சி. பையனின் மேலங்கியில் ஒளிந்திருந்த ஒரே ஒரு கோதுமை மணி. அந்த மணியைக் கண்டதும் பொறியாளர் சைரஸ் ஸ்மித் கணக்குப் போடுகிறார்: ஒரு மணியிலிருந்து பத்துக் கதிர், கதிருக்கு எண்பது மணி, முதல் அறுவடையில் 800, இரண்டாவதில் 6,40,000, மூன்றாவதில் 51 கோடி. இரண்டு கடிகாரக் கண்ணாடிகளுக்கு நடுவே நீர் நிரப்பிப் பூதக்கண்ணாடி செய்கிறார். நாயின் கழுத்துப்பட்டை எஃகு கத்தியாகிறது. களிமண் செங்கலாகிறது, செங்கல் சூளையாகிறது, சூளையிலிருந்து பானை வருகிறது. கடல்நாய்த் தோலில் துருத்தி தைத்து இரும்பு உருக்குகிறார்கள். பிறகு அமிலம், நைட்ரோகிளிசரின் என்ற வெடிமருந்து, கடைசியில் தந்திக் கம்பியும்கூட. இந்தப் பக்கங்களைச் சலிப்பு என்று தாண்டிப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாவலின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு செங்கல்லுக்குப் பின்னால் எத்தனை கைகள் வேண்டும் என்று வெர்ன் பொறுமையாகக் காட்டுகிறார். யாரும் தனியாக எதையும் செய்ய முடியாத உலகம் அது.

ஆனால் சண்டை சச்சரவே இல்லையே, இது நடக்கக்கூடியதா என்று கேட்பார்கள். நடந்தது. நாவலிலேயே வெர்ன் பெயர் சொல்லிக் குறிப்பிடும் ரேனால் என்ற பிரெஞ்சுக்காரரின் வரலாற்றைப் பாருங்கள்.

1864 ஜனவரியில் நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லந்து தீவில் ‘கிராஃப்டன்’ என்ற சிறு கப்பல் உடைந்தது. ஐந்து பேர், பல நாட்டவர். நோயுற்றிருந்த ரேனாலை மற்றவர்கள் கரைசேர்த்தார்கள். பின்னர் அவர் சொன்ன யோசனைப்படி தங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். சரியில்லை என்றால் வாக்களித்து நீக்கலாம் என்ற நிபந்தனையோடு. கேப்டன் மஸ்கிரேவே தேர்வானார். மாலையில் ஒருவருக்கொருவர் பாடம் நடத்தினார்கள். ரேனால் கடல்நாய்த் தோலில் துருத்தி செய்து கொல்லுப்பட்டறை அமைத்தார். சீட்டுக்கட்டும் செய்தார், ஆட்டத்தில் தோற்றால் கேப்டனுக்குக் கோபம் வருகிறது என்று கண்டதும் அதை அழித்துவிட்டார். இந்தச் சின்னச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒற்றுமை தானாக விளைந்துவிடவில்லை, ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்துக் காத்தார்கள். ஏறக்குறைய இருபது மாதங்களுக்குப் பின் ஐவருமே உயிரோடு மீண்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம், அதே தீவின் மறுமுனையில், ‘இன்வர்கால்ட்’ கப்பல் உடைந்தது. கரையேறியவர்கள் பத்தொன்பது பேர். உயிரோடு மீண்டவர்கள் மூன்றே பேர். ஒப்பீடு முழுக்க நியாயமானது அல்ல. கிராஃப்டன்காரர்களுக்கு உடைந்த கப்பலின் பொருள்கள் கிடைத்தன, இவர்களுக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டு நகர்ந்ததும், கூட்டமே சிதறிப்போனதும் பொருள் இல்லாத குறையால் மட்டும் நேர்ந்தவை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மனிதன் மிருகமாகும் கதையை வெர்னும் எழுதியிருக்கிறார் என்பதை இந்த விமர்சகர்கள் மறந்துவிடுகிறார்கள். குற்றத்துக்குத் தண்டனையாகப் பக்கத்துத் தீவில் தனியே விடப்பட்ட அயர்டன் பன்னிரண்டு ஆண்டுகளில் பேச்சையும் அறிவையும் இழந்து காட்டு விலங்காகக் கிடக்கிறான். அவனை மிருகமாக்கியது தனிமை. கூட்டிவந்தவர்கள் அவன் கடந்தகாலத்தைக் கேட்டுத் துளைப்பதில்லை. அவனே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகு சைரஸ் ஸ்மித் அவனிடம் கை நீட்டுகிறார்.

குறைகளும் உண்டு, சாதாரணக் குறைகள் அல்ல. நெப் சுதந்திர மனிதன் என்று சொல்லிவிட்டு, கடைசி வரை அவனைச் சமையலறையில், எஜமானரின் நிழலாகவே வைத்திருக்கிறார் வெர்ன். பழக்கிய குரங்கை அவனுக்குக் கூட்டாளியாக்கும் இடங்கள் இன்று படிக்கையில் அருவருப்பூட்டுகின்றன. பெண்களே இல்லாத சமுதாயம் எத்தகைய சமுதாயம் என்ற கேள்வியும் அவருக்கு எழவில்லை.

இறுதியில் வெளிப்படும் ரகசியம் நமக்கு நெருக்கமானது. இவர்களுக்கு மறைந்திருந்து உதவிய கேப்டன் நெமோ, புந்தேல்கண்டைச் சேர்ந்த இந்திய இளவரசர். 1857 கிளர்ச்சியில் குடும்பத்தை இழந்தவர். மனித இனத்தையே வெறுத்து நீர்மூழ்கிக் கப்பலில் கடலுக்குள் போனவரை மறுபடி மனிதர்கள் பக்கம் திருப்பியது இந்த ஐவரின் நேர்மையும் சகோதர அன்பும்தான் என்று வெர்ன் தெளிவாக எழுதுகிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கிலப் பதிப்பில், 1857 பற்றிய அந்தப் பகுதியை ஆங்கிலேய ஆட்சிக்குச் சாதகமாகத் திருத்தி எழுதியிருக்கிறார்கள். பொறியாளரின் பெயர் ஸ்மித் என்றில்லாமல் ஹார்டிங் என்றிருந்தால் அது அந்தப் பதிப்புதான், எடுக்காதீர்கள். 2001இல் வெளிவந்த புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் நெமோவின் கோபம் முழுமையாக இருக்கிறது.