மூணு டிகிரி குறைஞ்சதைப் பாத்தாச்சு, காத்தை யார் பாக்குறது?

அக்னி நட்சத்திரம் கழிய இன்னும் நாள் கிடக்கும்போதே வானம் மூடி, மேற்கிலிருந்து வரும் மேல்காற்று கிளம்பிவிட்டால் போதும், மதுரை வாட்ஸப் குழுக்களில் ஒரே பேச்சு: "நம்ம ஊரு ஊட்டியாயிடுச்சுப்பா." வானிலை அறிக்கையில் அன்றைக்கு இரண்டு வரி இருக்கும். அதிகபட்ச வெப்பநிலை இயல்பைவிட 2 முதல் 4 டிகிரி குறையக்கூடும் என்று ஒன்று. தரைக்காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும் என்று இன்னொன்று. முதல் வரிக்கு மீம் போடுகிறோம். நமக்குச் செலவு வைப்பது இரண்டாவது வரி.

முதல் வரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மே மாதத்தில் மதுரையின் இயல்பான உச்சம் 38 டிகிரியை ஒட்டியது. நாலு குறைந்தால் 34. அதற்குப் பெயர் குளிர் இல்லை, ஆறுதல். வானிலைத் துறையின் கணக்கில் ஒன்றரை டிகிரி முன்னே பின்னே போவது இயல்புதான், 1.6 முதல் 3 வரை இறங்கினால் இயல்பைவிடக் குறைவு. 5-ஐத் தாண்டினால்தான் பெரிய இறக்கம். குளிர் அலை என்ற சொல்லைச் சமவெளியில் எடுக்கவே குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்க வேண்டும். நம்ம மார்கழியே அந்தப் பக்கம் போகாது. இன்னொன்று, மேகம் மூடுவதால் இறங்குவது பகல் வெப்பம்தான். அதே மேகம் ராத்திரியில் தரைச்சூட்டை வெளியே விடாமல் போர்வையாகக் கிடக்கும். பகலில் சிலுசிலு, ராத்திரி காற்று நின்றதும் புழுக்கம். இரண்டும் ஒரே காரணத்தால்தான்.

இப்போது காற்று. மதுரைக்கு இந்தப் பருவத்தில் வருவது ஒரே காற்று இல்லை, இரண்டு. இரண்டையும் ஒரே வரியில் படித்துவிட்டுப் போவதுதான் தப்பு.

ஒன்று மேல்காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலை அதை மறிக்கிறது. மழையைக் கேரளப் பக்கம் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்று பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று கிடைத்த இடைவெளி வழியாக இந்தப் பக்கம் பாய்கிறது. தேனிப் பக்கம் காற்றாலைகள் நிற்பது இதை நம்பித்தான். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்துக்கு முதல் அடி. மேலூருக்குப் போய்ச் சேரும்போது வேகம் கொஞ்சம் தணிந்திருக்கும். இது நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே திசையிலிருந்து வீசும். காலை பத்து மணிக்கு மேல் ஏறும், பொழுது சாயச் சாய இறங்கும். ஆடிக்காற்று என்பது இதுதான், ஆனால் ஆடி வரைக்கும் காத்திருக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. 2025-ல் கேரளாவில் பருவமழை மே 24-ஆம் தேதியே தொடங்கியது; வழக்கமான நாள் ஜூன் 1. அதற்கு முன் இவ்வளவு சீக்கிரம் வந்தது 2009-ல், மே 23.

மற்றது கோடை மழைக்காற்று. சிறுமலை, நத்தம் பக்கம் மதியம் கட்டும் இடிமேகத்திலிருந்து விழும் மழை, கீழே இருக்கும் வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகும். ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். குளிர்ந்து கனத்த காற்று பொத்தென்று தரையில் விழுந்து நாலா பக்கமும் சிதறும். முதலில் புழுதி, அடுத்துச் சில்லென்ற காற்று, அப்புறம்தான் மழை. சில நாள் மழையே வராது. கால் மணி நேரத்தில் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். திசைக்கு உத்தரவாதம் இல்லை. வாழைத்தோப்பு படுப்பது பெரும்பாலும் இந்த இருபது நிமிடத்தில்தான்.

அறிக்கையில் இடி, மின்னல் என்ற சொற்களோடு காற்று வந்தால் இரண்டாவது வகை. வெறும் தரைக்காற்று என்று வந்தால் முதல் வகை. 'ஓரிரு இடங்களில்' என்றால் கால்வாசி இடங்களுக்கு மேல் இல்லை என்று பொருள், 'நமக்கு இல்லை' என்று பொருள் இல்லை. மன்னார் வளைகுடாவில் 55 கிலோமீட்டர் சூறாவளிக்காற்று என்பது மீனவர்களுக்குச் சொன்னது. அதை வெட்டி 'மதுரைக்குப் புயல்' என்று பகிர்பவர்களை என்ன சொல்ல.

வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. கணக்கு லேசானது: விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.6-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று விசை கிடைக்கும். பத்துக்கு எட்டு அடி ஃபிளக்ஸில் 30 கிலோமீட்டர் காற்று சுமார் 32 கிலோ எடையாக அழுத்தும். 60 கிலோமீட்டரில் அதே ஃபிளக்ஸில் 126 கிலோ. நாலு சவுக்குக் கம்பில் சணல் கயிறு போட்டுக் கட்டியது அதைத் தாங்குமா? நடுவில் அரைவட்டமாக நாலு ஓட்டை வெட்டிவிட்டால் போதும் என்பது மனசாந்திக்குத்தான். வெட்டிய பரப்பளவுக்குத்தான் விசை குறையும்.

தகரக் கொட்டகை போடுபவர்கள் கவனிக்க: கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச்சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பாகத்தில் மதுரைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். மொட்டை மாடி ஷீட் போடும்போது இதை யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. ஷீட் பறப்பது மேலிருந்து அழுத்துவதால் அல்ல. மூன்று பக்கம் அடைத்து மேற்கே திறந்த கொட்டகைக்குள் காற்று புகுந்து கீழிருந்து தூக்கும். மேலே ஓடும் காற்று அதே நேரத்தில் உறிஞ்சும். முதலில் கழல்வது மூலையும் ஓரமும்தான். ஸ்க்ரூ தலைக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷரைப் பாருங்கள். நாலைந்து கோடை பார்த்தது வெடித்து, விரலால் நெருடினால் தூளாக உதிரும். வாஷர் போனால் ஸ்க்ரூ ஆடும், ஆடினால் ஓட்டை பெரிதாகும், ஒரு நாள் ஸ்க்ரூ இருக்கும், ஷீட் இருக்காது. ஓர வரிசையில் மட்டும், ஷீட் நெளிவின் ஒன்றுவிட்டு ஒரு மேட்டில் இருக்கும் ஸ்க்ரூவை ஒவ்வொரு மேட்டுக்கும் ஒன்றாக்கினாலே பெரிய வித்தியாசம். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் ஏறி மிதிக்க வேண்டாம், ஷீட்டைப் பிடிக்கும் கொக்கி வடிவ ஜே போல்ட்டை வெறியோடு முறுக்கவும் வேண்டாம், விரிசல் விடும். மாடியில் காலித் தண்ணீர்த்தொட்டி இருந்தால் கால் பங்காவது நிரப்பி வையுங்கள். 500 லிட்டர் தொட்டியில் கால் பங்கு 125 கிலோ. காலித்தொட்டி பக்கத்து வீட்டு மாடிக்குப் போகும்.

வாழைக்கு வருவோம். குலை தள்ளிய மரத்துக்கு மட்டும் முட்டு. கம்பை மரம் சாயும் பக்கம் ஊன்ற வேண்டும்; மேல்காற்றுக்குப் பெரும்பாலும் அது கிழக்கே. ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும், சும்மா சாத்தி வைத்த கம்பு முதல் உலுக்கலிலேயே நழுவும். கம்பு நுனியின் கவை குலைக்கழுத்துக்குக் கீழே உட்கார வேண்டும், இடையில் சருகை மடித்து வைத்தால் உரசல் இல்லை. இரண்டு கம்பைக் கத்தரிக்கோல் போலக் கட்டினால் இன்னும் நல்லது, ஏனென்றால் கோடை மழைக்காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாது. கிழிந்து தொங்கும் பழைய இலையைக் கழித்து எட்டு முதல் பத்து நல்ல இலை இருந்தால் போதும், காற்று பிடிக்கும் பரப்பு குறையும். இடிமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். ஊறிய மண்ணில் மரம் ஒடியாது, வேரோடு சாயும். ஆனால் இதையே மேல்காற்றுக்கும் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் காயப் போட்டால் தோப்பு போச்சு. வறண்ட காற்றில் தண்ணீர்த் தேவை கூடும். காற்று தணிந்த ராத்திரியிலோ விடிகாலையிலோ பாய்ச்சலாம்.

சோழவந்தான் கொடிக்கால்காரர்களுக்குக் கணக்கு வேறு. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்த வெற்றிலைக்கு வேகத்தைவிட வறட்சிதான் எதிரி, ஓரம் கருகினால் கவுளி (வெற்றிலைக் கட்டு) விலை இறங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி தண்ணீர், மேற்கு வேலியில் கீற்றுத் தட்டி. கொடி படரும் அகத்தி நாலு மீட்டரைத் தாண்டியிருந்தால் காற்றுக்கு முன்பே நுனி ஒடித்துவிட வேண்டும். அது மென்மையான மரம், உச்சி கனத்தால் கொடியையும் சேர்த்துக்கொண்டு முறியும். மல்லிகைக்கு வெயில்தான் உரம், மேகமூட்ட நாளில் மொட்டு வரத்து குறைவதைத் தடுக்க எந்த மருந்தும் இல்லை. அதற்காக அந்தக் காற்றில் மருந்தடித்தால் பக்கத்து வயலுக்குத்தான் போகும்.

அறுந்த மின்கம்பியைத் தொடாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கும், மரம் விழுந்து வழி அடைத்தால் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் சொல்லலாம்.

தோப்பு சாய்ந்துவிட்டால் ஆத்திரத்தில் உடனே வெட்டி அள்ளாதீர்கள். பேரிடர் நிவாரணக் கணக்கில் சேதம் 33 சதவீதத்தைத் தொட வேண்டும், அதைப் பார்த்து எழுத ஆள் வர வேண்டும். நாலு மூலையிலிருந்தும் இடமும் தேதியும் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலரிடமும் எழுத்தில் கொடுங்கள். அதற்கும் முன்னால், காற்று வருவதற்கு முன்னால், இன்றைக்கே ஒரு வேலை: உங்கள் அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) இந்த வருஷம் வாழை என்று ஏறியிருக்கிறதா, போன வருஷ நெல்லே இன்னும் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.