50 ஃபிலிம் ஒட்டினால் 50 வராது

கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டியதற்காக ஒரு பையனைப் போலீஸ் பிடித்த அந்த வீடியோவை நானும் பார்த்தேன். 50 ஃபிலிம் என்றால் வெளிச்சத்தில் 50 சதவீதத்தை உள்ளே விடும் ஃபிலிம்; எண் குறையக் குறையக் கருப்பு கூடும். "அம்பது பர்சென்ட் ஃபிலிம்தான் சார், ரூல்லயும் அம்பதுதானே இருக்கு" என்று அந்தத் தம்பி தொண்டை கிழியக் கத்துகிறார். போலீஸ்காரர் கண்ணாடி வழியே வரும் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைத் திருப்பிக் காட்டுகிறார். 37. கீழே வந்த கமெண்ட் எல்லாம் மீட்டர் பொய், வசூல் வேட்டை என்றுதான். கண்ணாடியைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

மீட்டர் அளப்பது ஃபிலிமை அல்ல, கண்ணாடியையும் ஃபிலிமையும் சேர்த்து. கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடியிலேயே லேசான பச்சை உண்டு. பெரும்பாலும் 75 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். அதன் மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் 75-இல் பாதி, 37.5. தம்பி சொன்னதும் உண்மை, மீட்டர் சொன்னதும் உண்மை. 50-க்கு மேல் நிற்க வேண்டுமானால் 70 ஃபிலிம் ஒட்ட வேண்டும், அப்போது 52.5 வரும். விதி 70 கேட்கும் கண்ணாடியில் கிட்டத்தட்ட நிறமே இல்லாத 90 ஃபிலிம்கூட 67.5-இல் வந்து தோற்கும். உதாரணமாக, ஐ.நா.வின் 43-ஆம் எண் வாகனக் கண்ணாடி விதிமுறைப்படி முன் கண்ணாடிக்கு 70 வேண்டும்.

"மீட்டர் தப்பாக் காட்டாதா?" காட்டும். கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் எண் இறங்கும். அளப்பதற்கு முன் நடுவில் எதுவும் இல்லாமல் மீட்டர் 100 காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேட்கலாம், மரியாதையாக. ஆனால் ஒன்றிரண்டு புள்ளி வித்தியாசத்துக்குத்தான் இந்த வாதம் செல்லும், 13 புள்ளிக்குச் செல்லாது.

அபராதச் சீட்டு கைக்கு வந்ததும் முதலில் அதைப் படியுங்கள். எந்தக் கண்ணாடி, என்ன எண், என்ன பிரிவு, எத்தனை நாள் கெடு. எதிர்த்து வாதாடப் போகிறீர்கள் என்றால் ஃபிலிமை உரிக்காதீர்கள்! ஆத்திரத்தில் அன்றைக்கே உரித்துவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்து, வேறொரு மீட்டரில் அளந்து, வண்டி எண்ணோடு எழுதி வாங்குங்கள். கண்ணாடி மூலையில் இருக்கும் முத்திரையையும் படமெடுங்கள். அந்த ஐ.நா. விதிமுறையைக் குறிக்கும் 43ஆர் (43R) முத்திரையோடு 'வி' (V) என்ற எழுத்து இருந்தால் அந்தக் கண்ணாடி கம்பெனியிலேயே 70-க்குக் கீழ் என்று அர்த்தம். பின்பக்கக் கண்ணாடிகளில் இதைப் பார்க்கலாம்.

வாதாட ஒன்றும் இல்லையா? உரித்துவிடுங்கள். அபராதம் கட்டிவிட்டு ஃபிலிமை அப்படியே விட்டால் அடுத்த சிக்னலில் மறுபடி சீட்டுத்தான். பக்கக் கண்ணாடிக்கு ஹீட் கன் அல்லது ஸ்டீமர் போதும். மேல் மூலையில் ஆரம்பித்து, சூடு ஆறும் முன், ஃபிலிமைக் கண்ணாடியை ஒட்டினாற்போல் மடக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஃபிலிம் கையோடு வரும், பசை கண்ணாடியில் தங்கும். அதற்கு சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால். பின் கண்ணாடியில் மட்டும் பிளேடு வைக்கவே கூடாது. அங்கே தலைமுடி கனத்தில் ஓடும் டீஃபாகர் கோடுகளில், அதாவது சூடாகிப் பனியை விலக்கும் கம்பிக் கோடுகளில், ஒன்று அறுந்தாலும் அந்த வரி மட்டும் பனி விலகாமல் நிற்கும். உரித்த பிறகு வண்டி எண் தெரியப் படம், புது மீட்டர் அளவு, வேலை செய்த ரசீது மூன்றையும் கெடுவுக்குள் காட்டினால் சில இடங்களில் அபராதம் குறையலாம், ரத்தாகவும் கூடும்.

"வெயிலுக்கு என்ன செய்ய?" நியாயமான கேள்வி. கருப்பும் குளிர்ச்சியும் ஒன்றல்ல. வெப்பத்தில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் வருகிறது. நல்ல செராமிக் ஃபிலிம் பார்க்கத் தெளிவாக இருந்தே அதைத் தடுக்கும். மலிவான சாயம் போட்ட கருப்பு ஃபிலிம் பேருக்குத்தான் கருப்பு, கொஞ்ச நாளில் ஊதாவாக வெளுக்கும். தோல் நோய் உள்ளவர்களுக்குச் சில நாடுகளில் விலக்கு உண்டு, அந்தச் சான்று முன்கூட்டியே வண்டியில் இருக்க வேண்டும்.

"பெரிய மனுசங்க வண்டி கருப்பாவே போகுதே, அதை யாரும் பிடிக்கலையே?" ஆமாம், போகிறது. எனக்கும் வயிறு எரிகிறது. அதற்காக 37 என்பது 50 ஆகிவிடாது.

என் கோபம் அந்தத் தம்பி மேல் இல்லை. காசு வாங்கி ஒட்டியவரிடம் மீட்டர் இருந்திருக்கும், ஒட்டும் முன் வெறும் கண்ணாடியை அளக்க அரை நிமிடம் ஆகாது. அந்த ஒரு எண்ணை அவர் சொல்லியிருந்தால் அந்தப் பையன் நடுரோட்டில் அத்தனை பேர் முன்னால் கத்திக்கொண்டு நின்றிருக்க மாட்டான். ஒட்டக் கொடுக்கும் முன் கேளுங்கள்: "என் கண்ணாடி எவ்வளவு? ஒட்டின பிறகு எவ்வளவு வரும்?" ரசீதில் இரண்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.